பருத்தியின் மூன்று அளவுகோல்கள்: தமிழகத்தில் செடியின் பண்பும் விளைச்சலும் இழைத்தரமும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழர் வாழ்வில் பருத்தி மிகப் பழமையானது. சங்கப் பாடல்களிலேயே பருத்தி நூற்கும் பெண்டிர் பேசப்படுகின்றனர். எனினும் பருத்தியைப் பற்றி இதுகாறும் எழுந்த வரலாற்று நூல்களுள் பெரும்பாலானவை ஆடையையும் வணிகத்தையும் பஞ்சாலைகளையும் பற்றியே பேசுகின்றன. அவற்றிற்கெல்லாம் மூலமாகிய செடியைப் பற்றிய வரலாறு வேளாண் அறிவியலாரின் அறிக்கைகளுக்குள்ளேயே தங்கிவிட்டது.

நல்ல பருத்திச் செடி எது என்னும் வினாவிற்கு உழவர் தரும் விடை ஒன்று. அரவை ஆலையார் தரும் விடை வேறொன்று. நூற்பாலையார் தரும் விடை மற்றொன்று. உழவர்க்கு ஏக்கருக்கு எத்தனை மணங்கு விதைப்பருத்தி கிடைக்கும் என்பது அளவுகோல். அரவை ஆலையார்க்கு நூறு பங்கு விதைப்பருத்தியில் எத்தனை பங்கு பஞ்சு தேறும் என்பது அளவுகோல். நூற்பாலையார்க்கு இழையின் நீளம், மென்மை, வலிமை ஆகியவை அளவுகோல். இம்மூன்றும் ஒரே செடியில் எளிதில் ஒன்றுகூடுவதில்லை. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இவற்றுள் எந்த அளவுகோல் எப்போது மேலோங்கியது, அதனால் தமிழகத்துப் பருத்தி என்ன ஆயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

செடியின் பண்புகள்

வரலாற்றுக்குள் புகுமுன் செடியின் இயல்பைச் சுருக்கமாகக் காண்பது இன்றியமையாதது. பருத்தியின் ஒவ்வோர் இழையும் விதையின் மேற்றோலிலிருந்து வளரும் ஒரே ஓர் உயிரணு ஆகும். பூ மலர்ந்த நாள் தொடங்கி ஏறத்தாழ 25 நாள்கள் அந்த அணு நீள்கிறது. அதன்பின் ஏறத்தாழ அதே அளவு காலம் அதன் சுவரின் உட்புறத்தில் செல்லுலோசு படிந்து தடிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் பணியாற்றிய பால்ஸ் என்னும் ஆங்கிலேய அறிவியலார் இவ்விரு பருவங்களையும் தெளிவுபடுத்தினார். முதற்பருவத்தில் நீர் குறைந்தால் இழை குட்டையாகும். இரண்டாம் பருவத்தில் குறைந்தால் இழை முதிராது போகும். ஆகவே இழையின் தரம் விதையின் மரபால் மட்டுமன்றி மண்ணாலும் மழையாலும் உறுதிபெறுகிறது.

விளைச்சலைத் தீர்மானிப்பவை செடியொன்றில் தங்கும் காய்களின் எண்ணிக்கை, காயின் எடை, காயில் உள்ள விதைகள், விதையொன்றின் மேலுள்ள பஞ்சு ஆகியவை. பருத்திச் செடியில் இருவகைக் கிளைகள் உண்டு. ஒருவகை தண்டைப்போலவே மேல்நோக்கி வளர்ந்து இலைகளைத் தாங்கும். மற்றொருவகை வளைந்து வளைந்து சென்று கணுதோறும் சப்பையும் பூவும் காயும் தாங்கும். காய்க்கிளைகள் தாழ்ந்த கணுவிலேயே தோன்றும் செடி விரைவில் காய்க்கும். மேல்நோக்கு கிளைகள் மிகுந்த செடி காலம் தாழ்த்தும். ஆயினும் இடையில் மழை பொய்த்தால் மீண்டும் தளிர்த்துக் காய்க்கும் ஆற்றலும் அதற்கு உண்டு.

நூறு பங்கு விதைப்பருத்தியில் தேறும் பஞ்சின் பங்கை அரவைத் திறன் என்பர். இது ஏமாற்றும் இயல்புடைய அளவாகும். விதையின்மேல் இழைகள் நெருங்கியிருந்தால் அரவைத் திறன் உயரும். இழை தடித்து முரடாயிருந்தாலும் உயரும். விதை சிறுத்திருந்தாலும் உயரும். முதலாவது நன்மை. இரண்டாவது நூற்பாலைக்குக் கேடு. மூன்றாவது விதை முளைக்கும் வீரியத்துக்குக் கேடு. இம்மூன்றுள் எதனால் அளவு உயர்ந்தது என்பதை அரவைத் திறன் என்னும் எண் காட்டாது.

ஆயினும் வணிகத்தில் அந்த எண்ணுக்கே வலிமை மிகுதி. இன்றும் பஞ்சு 355.6 கிலோகிராம் கொண்ட கண்டி என்னும் அளவால் விலை பேசப்படுகிறது. அரவைத் திறன் 33 விழுக்காடாயின் ஒரு கண்டிப் பஞ்சுக்கு ஏறத்தாழ 1,078 கிலோகிராம் விதைப்பருத்தி வேண்டும்; 36 விழுக்காடாயின் ஏறத்தாழ 988 கிலோகிராம் போதும். கண்டிக்குத் தொண்ணூறு கிலோகிராம் மிச்சம் தரும் பருத்தியை வணிகர் நாடுவது இயல்பே.

கருங்கண்ணியும் புளிச்சையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துக் கரிசல் நிலங்களில் கருங்கண்ணியும் உப்பமும் மானாவாரியாகப் பயிராயின. கோவை, சேலம் பகுதிகளின் செம்மண் நிலங்களில் நாடன் என்னும் பல்லாண்டுப் பருத்தி வளர்ந்தது. இவை யாவும் நம் நாட்டு இனங்கள். வறட்சி தாங்குதல், ஆணிவேர் ஆழச் செல்லுதல், பூச்சிகளுக்கு எளிதில் இரையாகாமை ஆகியவை இவற்றின் சிறப்புகள். இவற்றுள் கருங்கண்ணி ஒப்பீட்டளவில் நல்ல இழை உடையது. நெல்லைச் சீமைப் பருத்திக்கு வணிகத்தில் கிடைத்த நற்பெயருக்கு அதுவே பெருங்காரணம். பாபநாசம், தூத்துக்குடி, மதுரை ஆகிய ஊர்களில் ஹார்வி நிறுவனத்தார் எழுப்பிய ஆலைகளுக்கும் அக்கரிசல் பஞ்சு பயன்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நற்பெயருக்குக் கேடு நேர்ந்தது. புளிச்சை எனப்பட்ட ஒருவகைப் பருத்தி கருங்கண்ணி வயல்களில் கலந்து பரவியது. அதன் இழை குட்டை, முரடு. ஆனால் அதன் அரவைத் திறன் மிகுதி. எடுத்துக்காட்டாக, நூறு பவுண்டு விதைப்பருத்தியில் ஒன்று 27 பவுண்டும் மற்றொன்று 33 பவுண்டும் தருமாயின், இரண்டையும் கலந்து நெல்லைப் பஞ்சு என்னும் ஒரே பெயரில் விற்கும் வணிகருக்கு இரண்டாவதே இலாபம். உழவரும் தம் விதைப்பருத்திக்குக் கூடுதல் விலை கிடைக்கக் கண்டு அவ்விதையையே விரும்பினர். அரவை ஆலைகளில் விதைகள் ஒன்றாகக் கலந்து கிடந்தமையால் அடுத்த ஆண்டு விதைப்பும் கலப்பாகவே அமைந்தது.

இந்நிகழ்வில் உழவரையோ வணிகரையோ குறைகூறுவது பொருந்தாது. அவரவர் தத்தம் அளவுகோலின்படி நேர்மையாகவே கணக்கிட்டனர். இழையின் நீளத்திற்குரிய மதிப்பு நூற்பாலையின் வாயிலோடு நின்றுவிட்டது. வயல்வரை வந்து சேரவில்லை. இதுவே கேட்டின் வேர்.

இத்தகைய நிலை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) இலங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றது. இந்தியப் பஞ்சின் விலை என்றுமில்லாத அளவு உயர்ந்தது. எப்பஞ்சும் விலைபோகும் என்ற நிலையில் கலப்படம் பெருகவே, பம்பாய் மாகாணத்தில் 1863இல் பருத்தி மோசடிகளைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

புளிச்சையை எதிர்க்க வேளாண்மைத் துறை இருவழிகளை மேற்கொண்டது. 1901இல் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி ஆய்வு நிலையத்தைக் கொண்டு தூய கருங்கண்ணி விதையைத் தேர்ந்து பெருக்கி உழவர்க்கு வழங்குதல் ஒரு வழி. சட்டத்தால் தடுத்தல் மற்றொரு வழி. 1932ஆம் ஆண்டின் சென்னைப் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் தரத்தைக் கெடுக்கும் வகைகளைப் பயிரிடுவதையும் கலப்பதையும் தடுக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. முதல்வழி நின்று பயன் தந்தது. கே என்னும் எழுத்தும் எண்ணும் தாங்கிக் கோவில்பட்டியிலிருந்து வெளிவந்த கருங்கண்ணி வகைகள் கரிசல் உழவரிடையே நெடுங்காலம் வழங்கின. தூய்மையான கருங்கண்ணியிலேயே அரவைத் திறன் மிக்க செடிகளைத் தேர்ந்தெடுத்து, புளிச்சையின் கவர்ச்சியைப் புளிச்சை இல்லாமலே தந்தமைதான் அவ்வெற்றியின் நுட்பம் எனலாம்.

அயற்பருத்தியின் வருகை

நாட்டுப் பருத்தியின் இழை குட்டை என்பதால் நீண்ட இழையுடைய அமெரிக்கப் பருத்தியை இங்குக் கொணரும் முயற்சி கும்பினி ஆட்சியிலேயே தொடங்கியது. தாவரவியல் அறிஞரும் மருத்துவருமான இராபர்ட் வைட் 1842இல் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்திப் பண்ணைகளின் பொறுப்பை ஏற்றார். அமெரிக்கத் தோட்டக்காரர்களும் அம்முயற்சியில் அமர்த்தப்பட்டனர். வைட் 1853இல் தாயகம் திரும்பினார். அவர் பண்ணைகளில் செடிகள் வளர்ந்தன. இழையும் நன்றாகவே இருந்தது. எனினும் உழவர் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. மழையை மட்டும் நம்பிய நிலத்தில் அச்செடி தந்த விளைச்சல் உறுதியற்றதாயிருந்தது. நூற்பாலையின் அளவுகோலில் தேறிய செடி உழவரின் அளவுகோலில் தோற்றதற்கு இது தக்க சான்று.

அறுபதாண்டுகளுக்குப் பின் இந்தோசீனாவிலிருந்து 1904–05இல் வந்த கம்போடியாப் பருத்தி அம்முயற்சியை நிறைவேற்றியது. இதுவும் அமெரிக்க இனமே. ஆனால் இதன்பால் மூன்று பண்புகள் ஒருங்கே அமைந்திருந்தன. காய் பெரிதாயிருந்தமையால் உழவர்க்கு விளைச்சல் கூடியது. அரவைத் திறன் நாட்டுப் பருத்தியைவிட மிகுந்திருந்தமையால் அரவை ஆலையார் விரும்பினர். இழை நீண்டிருந்தமையால் நூற்பாலையாரும் விரும்பினர். மூன்று அளவுகோல்களும் ஒருசேர நிறைவுற்ற அரிய தருணம் அது. கோவை, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் கம்போடியா விரைந்து பரவியது. திருப்பூர் அதன் தலைமைச் சந்தையாயிற்று.

கம்போடியாவின் வெற்றிக்கு நான்காவது பண்பொன்றும் துணைநின்றது. அதன் இலையின் அடிப்புறத்தில் மயிர்கள் அடர்ந்திருந்தன. தத்துப்பூச்சி மயிர் அடர்ந்த இலையில் எளிதில் முட்டையிட இயலாது. மயிரற்ற வழவழப்பான இலையுடைய அயற்பருத்திகள் அப்பூச்சியால் சிவந்து கருகும் நிலத்தில் கம்போடியா தழைத்து நின்றது. கோயமுத்தூரில் பொருளாதாரத் தாவரவியலாராகப் பணியாற்றிய பார்னெல் பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலுள்ள பார்பர்ட்டன் நிலையத்துக்குச் சென்று, தத்துப்பூச்சியைத் தாங்கும் பருத்திகளை உருவாக்கிப் புகழ்பெற்றார். இலைமயிருக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள உறவு அங்கு நன்கு நிறுவப்பட்டது. ஆயினும் இப்பண்பிற்கும் விலை உண்டு. மயிர் மிகுந்த இலையின் துணுக்குகள் பஞ்சில் ஒட்டிக்கொண்டு தூசியைக் கூட்டும். வெள்ளை ஈயும் அத்தகைய இலையையே நாடும்.

கம்போடியாவின் நற்காலமும் இடையூறின்றி நீடிக்கவில்லை. அறுவடை முடிந்த செடியைப் பிடுங்காமல் மறுதாம்புக்கு விடும் வழக்கத்தால் தண்டுக் கூன்வண்டும் காய்ப்புழுக்களும் ஆண்டு முழுதும் நிலைபெற்றன. 1919ஆம் ஆண்டின் சென்னை வேளாண் பூச்சி, நோய்ச் சட்டத்தின்கீழ்க் குறித்த நாளுக்குள் பருத்தி மிளாரைப் பிடுங்கியாக வேண்டுமென ஆணையிடப்பட்டது. விளைச்சல் என்பது செடியின் பண்பு மட்டுமன்று, ஊரார் கூடிக் காக்கும் ஒழுங்கும் ஆகும் என்பதை இச்சட்டம் உணர்த்துகிறது.

ஆய்வும் அளவையும்

1917இல் அமைக்கப்பெற்ற இந்தியப் பருத்திக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1921இல் இந்திய மத்தியப் பருத்திக் குழு தோன்றியது. அதன் தொழில்நுட்ப ஆய்வுக்கூடம் பம்பாயின் மாதுங்காவில் 1924இல் பணியைத் தொடங்கியது. டர்னர் அதன் முதல் இயக்குநர். ஒரு புதிய வகை எத்தனையாம் எண் நூல்வரை நூற்கத் தகும் என்பதை அங்குச் சிற்றளவில் நூற்றுப் பார்த்தே சொல்ல முடிந்தது. ஒரு பவுண்டு எடையில் 840 கெசம் கொண்ட கழிகள் எத்தனை என்பதே நூலின் எண். 60ஆம் எண் நூல் என்றால் ஒரு பவுண்டுப் பஞ்சு 50,400 கெசம் நீளும். அதுவரை வணிகர் விரலால் இழுத்துப் பார்த்துச் சொன்ன தரம், இப்போது செடி வளர்ப்போர் பயன்படுத்தத்தக்க எண்ணாயிற்று.

கோயமுத்தூர் பருத்தி ஆய்வு நிலையத்தில் ஹில்சனும், அவருக்குப்பின் பருத்தி வல்லுநராக விளங்கிய வி. இராமநாத ஐயரும் கம்போடியாவிலிருந்து தனிச்செடித் தேர்வுகளை மேற்கொண்டனர். கோ 2, கோ 4 முதலிய வகைகள் அதன் பயன். இதே காலத்தில் பைக்காரா மின்சாரம் (1932–33) கோவைக்கு வந்தது, நூற்பாலைகள் பெருகின. ஆலை அருகிலேயே இருந்தமையால் நீண்ட இழைக்குரிய தேவையும் அருகிலேயே எழுந்தது. 1933ஆம் ஆண்டின் வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டத்தின்கீழ்த் திருப்பூரில் 1936இல் பருத்திக்கென ஒழுங்குமுறைச் சந்தை அமைந்தது. விதை, அளவை, சந்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்ற காலம் அது.

1947இல் நாடு பிரிவுற்றபோது நீண்ட இழைப் பருத்தி விளைந்த மேலைப் பஞ்சாபும் சிந்தும் பாகிஸ்தானைச் சேர்ந்தன. ஆலைகளுள் மிகப்பெரும்பாலானவை இந்தியாவில் நின்றன. ஆகவே நீண்ட இழை நாட்டின் தேவையாயிற்று. கம்போடியாவோடு உகாண்டாப் பருத்தியைக் கலந்து பெற்ற வகைகளுக்கு மதராஸ், கம்போடியா, உகாண்டா என்னும் மூன்று பெயர்களின் முதலெழுத்துகளால் எம்.சி.யு. எனப் பெயரிட்டனர். அவ்வரிசையில் 1968இல் வெளிவந்த எம்.சி.யு. 5, 60ஆம் எண் நூலுக்கு ஏற்ற இழையோடு நல்ல விளைச்சலும் தந்தது. வாடல்நோய்க்கு அது இரையானமையால் நோய் தாங்கும் தேர்வு பின்னர் உருவாக்கப்பட்டது. குஜராத்தில் சி.டி. பட்டேல் 1970இல் உருவாக்கிய ஹைபிரிட் 4, தார்வாரில் கடர்கி 1972இல் உருவாக்கிய வரலட்சுமி ஆகிய ஒட்டுவகைகளும் இக்காலத்தவையே.

சுவின் தரும் பாடம்

தரத்தின் எல்லையைத் தொட்ட பருத்தி சுவின். எகிப்திய மரபில் வந்த சுஜாதாவையும் மேற்கிந்தியத் தீவின் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் கலந்து கோயமுத்தூரில் உருவாக்கி 1974இல் வெளியிட்டனர். இரு பெற்றோரின் பெயர்களும் இணைந்து சுவின் ஆயிற்று. 120ஆம் எண் நூல் நூற்கத் தகுந்த இழை அது. ஒரு பவுண்டு பஞ்சு 1,00,800 கெசம் நீளும். உலகின் மிகச் சிறந்த பருத்திகளோடு ஒப்பிடத் தகுந்தது.

ஆனால் சுவின் செடி ஆறு திங்களுக்கு மேல் நிலத்தில் நிற்க வேண்டும். காய் சிறிது; அரவைத் திறன் குறைவு; தத்துப்பூச்சிக்கும் காய்ப்புழுவுக்கும் எளிதில் ஆட்படும். சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பகுதியில் செழித்திருந்த அதன் பரப்பு பின்னர் மிகவும் சுருங்கிற்று. உழவர் விட்டது அறியாமையால் அன்று. மிகுநாள் நின்று, மிகு நீரும் மருந்தும் கொண்டு, குறைந்த பஞ்சு தரும் செடிக்கு அக்குறையை ஈடுசெய்யும் விலை தொடர்ந்து கிடைக்கவில்லை. புளிச்சை வரலாறு தலைகீழாக மீண்டது எனலாம். அங்கே தரமற்றது விலையால் வளர்ந்தது. இங்கே தரமுள்ளது விலையின்மையால் தேய்ந்தது.

பண்புகளின் பிணைப்பு

விளைச்சலும் இழைத்தரமும் எதிரெதிராகவே நிற்க வேண்டியவைதாமா என்னும் வினா இங்கு எழுகிறது. பஞ்சின் விளைச்சலுக்கும் இழையின் வலிமைக்கும் இடையே எதிர்மறைத் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அத்தொடர்பு ஒரே மரபணு இரண்டையும் ஆள்வதால் வருமாயின் அதனை மாற்ற இயலாது. மரபணுக்கள் குரோமோசோமில் அருகருகே அமைந்து சேர்ந்தே கடத்தப்படுவதால் வருமாயின், மீண்டும் மீண்டும் கலப்புச் செய்து பிரிக்கலாம். அமெரிக்காவில் மில்லரும் ராலிங்சும் 1967இலும், மெரிடித்தும் பிரிட்ஜும் 1971இலும் வெளியிட்ட ஆய்வுகள், பல தலைமுறைகள் தம்முள் கலக்கவிட்டபின் அவ்வெதிர்மறைத் தொடர்பு தளர்வதைக் காட்டின. அதாவது பிணைப்பின் ஒரு பகுதியேனும் அவிழ்க்கத்தக்கது.

இம்முடிவு நம் வரலாற்றுக்கும் பொருந்துகிறது. புளிச்சையின் அரவைத் திறனைக் கருங்கண்ணிக்குள்ளேயே தேடிப் பெற்றது இத்தகைய அவிழ்ப்பே. கம்போடியாவின் விளைச்சலோடு நீண்ட இழையைச் சேர்த்த எம்.சி.யு. 5 மற்றொன்று. ஆனால் பிணைப்பை அவிழ்க்கப் பல தலைமுறைச் செடிகளும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். அப்பொறுமைக்குக் கூலி தருவது சந்தையே.

2002இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற பி.டி. பருத்தி காய்ப்புழுவை எதிர்க்கும் பண்பைச் செடிக்குள் புகுத்தியது. அப்பண்பு காய்களைக் காப்பதன்றி இழையை நீட்டுவதோ மென்மையாக்குவதோ இல்லை. அதனைத் தாங்கிய ஒட்டுவகைகள் நாடெங்கும் பரவியதால் வட்டாரத்துக்கொரு பருத்தி என்ற நிலை மறைந்தது. இன்று தமிழகத்து ஆலைகள் தமக்கு வேண்டிய பஞ்சின் பெரும்பகுதியைப் பிற மாநிலங்களிலிருந்தும், மிகநீண்ட இழையை எகிப்து, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்தும் பெறுகின்றன.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. ஒன்று: மூன்று அளவுகோல்களும் ஒருசேர நிறைவுற்ற பருத்தியே தமிழகத்தில் பெரும்பரப்பில் நிலைத்தது, கம்போடியா அதற்குச் சான்று. இரண்டு: ஓர் அளவுகோலை மட்டும் நிறைவேற்றிய பருத்தி மற்றவற்றைக் கெடுத்தோ தானே கெட்டோ போயிற்று, புளிச்சையும் சுவினும் அதற்குச் சான்று. மூன்று: இழையின் தரத்துக்குரிய விலை உழவரின் களத்துவரை வந்து சேர்ந்த காலங்களில் தரம் நிலைத்தது, ஆலை வாயிலில் நின்றுவிட்ட காலங்களில் தளர்ந்தது.

இன்று இழையின் நீளம், வலிமை, மென்மை ஆகியவற்றைச் சில நொடிகளில் அளக்கும் கருவிகள் ஆலைகளில் உள்ளன. ஆனால் உழவர் தம் விதைப்பருத்தியை விற்கும் கூடங்களில் இன்னும் பெரும்பாலும் கண்ணும் கையுமே தரத்தை மதிப்பிடுகின்றன. 1924இல் மாதுங்காவில் தொடங்கிய அளவை நூறாண்டு கடந்தும் களத்துமேட்டை முழுமையாக எட்டவில்லை. நல்ல விதையை உருவாக்குவதோடு, அவ்விதை தரும் இழையை உழவர் முன்னிலையிலேயே அளந்து அதற்குரிய விலையைத் தருவதும் ஆய்வின் பகுதியாக வேண்டும். கருங்கண்ணியும் சுவினும் நமக்கு உணர்த்துவது இதுவே.